பழைய ரிவால்வரில் சிலிண்டர் இறுகினால்: பிழை எங்கே என்று கண்டறியும் முறை

அமெரிக்காவில் பழைய துப்பாக்கிகள் விற்கும் கடைகளின் கண்ணாடிப் பெட்டியில், விலை குறைவாகவும் தோற்றத்தில் சற்றுத் தேய்ந்தும் கிடக்கும் ரிவால்வர்களில் ஒன்றாவது பெரும்பாலும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ஆக இருக்கும். 1899-இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வெளிவந்து, அந்நிறுவனம் 1957-இல் தன் துப்பாக்கிகளுக்கு எண் இடத் தொடங்கியபோது 10 என்ற எண்ணைப் பெற்ற இந்த .38 ஸ்பெஷல் ரிவால்வர், 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. அந்நாட்டின் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறிய காலத்தில் கழித்துக்கட்டப்பட்டவை இன்னும் சந்தையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. உறையில் உரசி உரசிக் குழல் முனையில் நீலப் பூச்சு வெளுத்திருக்கும். ஆனால் பல ஆண்டுகள் இடுப்பில் தொங்கியதே தவிர அதிகம் சுடப்படாததால், உள்ளே இயந்திரம் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும்.

இத்தகைய ரிவால்வரை வாங்கியவர்கள் சொல்லும் முறையீடு கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். கடையில் திறந்து மூடிப் பார்த்தபோது நன்றாக இருந்தது; சுடுகளத்தில் முதல் 12 தோட்டாக்கள் வரை ஒரு குறையும் இல்லை; அதன்பின் விசை கனக்கத் தொடங்கியது, சிலிண்டர் தயங்கித் தயங்கிச் சுழன்றது, கடைசியில் திறக்கவே மறுத்தது. இதைக் கேட்டவுடன் பலரும் திருப்புளியை எடுத்து, உள் இயந்திரத்தை மூடியிருக்கும் பக்கத் தகட்டைக் கழற்ற முனைகிறார்கள். அது தவறு. சிலிண்டர் இறுகுவதற்கான காரணங்களில் பெரும்பான்மையானவை அந்தத் தகட்டுக்கு வெளியிலேயே இருக்கின்றன. எந்தச் சூழலில், ஒரு சுற்றுக்கு எத்தனை முறை இறுகுகிறது என்று பொறுமையாக எண்ணிப் பார்த்தால், எதையும் கழற்றாமலே பிழையின் இடத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். இக்கட்டுரை அந்த எண்ணிப் பார்க்கும் முறையைப் பற்றியது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு அந்தத் தடை பொருந்தாது, ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமே கைவைக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதோடும் விற்பதோடும் பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குள் அடக்கியிருக்கிறது. ஆகவே உரிமம் பெற்ற பட்டறையே அங்கு வழி.

பெயர்களிலும் ஒரு தெளிவு தேவை. தமிழில் துப்பாக்கியின் ‘குதிரை’ என்று ஒரு நல்ல சொல் இருந்தும், சிலர் சுத்தியலையும் சிலர் விசையையும் அப்பெயரால் அழைப்பதால், இங்கே அதைத் தவிர்த்து, விரல் இழுப்பதை விசை என்றும், பின்னால் எழும்பி அடிப்பதைச் சுத்தியல் என்றும் குறிப்பிடுகிறேன். தோட்டாக்கள் அமரும் ஆறு அறைகளைக் கொண்ட உருளை சிலிண்டர். அதைத் தாங்கிப் பக்கவாட்டில் வெளியே வரும் கை, கிரேன். சுட்ட கூடுகளைப் பின்னால் தள்ளி வெளியேற்றும் தண்டு, எஜெக்டர் ராடு. அத்தண்டின் பின்முனையில் நட்சத்திர வடிவில் இருக்கும் தகடு, ஸ்டார்.

முதலில் காலி செய்தல்

சோதனை எதுவானாலும் முதல் வேலை ரிவால்வரைக் காலி செய்வது. குழலை ஆளில்லாத, தோட்டா துளைத்துப் போகாத திசையில் வைத்துக்கொண்டு சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளையும் கண்ணால் பார்த்து, பின் சுண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும். இறுகும் ரிவால்வரில் எஜெக்டர் முழுத் தூரம் நகராமல் ஓர் அறையில் தோட்டா தங்கிவிடக்கூடும் என்பதால், ‘தட்டிவிட்டேன், விழுந்துவிட்டன’ என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. பெட்டியில் இருக்கும் தோட்டாக்களையும் வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தால், நடுவில் தொலைபேசி ஒலித்து எழுந்து போய்த் திரும்பினாலும் குழப்பம் வராது. சோதனைக்குத் தோட்டா வடிவம் தேவைப்படும்போது, ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களையே பயன்படுத்த வேண்டும்.

தோட்டா நிரம்பிய நிலையில் சிலிண்டர் இறுகித் திறக்கவே மறுத்தால், வீட்டில் வைத்து அதனோடு மல்லுக்கட்டக் கூடாது. சுடுகளத்தில் இருந்தால் குழலை இலக்கின் திசையிலேயே வைத்தபடி அங்குள்ள பொறுப்பாளரை அழைக்க வேண்டும்; அவர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள்.

எண்ணிப் பார்க்கும் சோதனை

காலியான சிலிண்டரில் ஆறு போலித் தோட்டாக்களை இட்டு, ஓர் அறையின் வெளிப்புறத்தில் அழியக்கூடிய மார்க்கரால் ஒரு புள்ளி வைக்கவும். பிறகு சிலிண்டரை மூடி, சுத்தியலைக் கையால் இழுக்காமல் விசையை மட்டும் மிக மெதுவாக, ஓர் இழுப்புக்கு ஐந்து வினாடி என்ற அளவில், 12 முறை இழுக்கவும். விரைவாக இழுத்தால் சிலிண்டரின் வேகமே சிறு தடைகளைத் தாண்டிச் சென்றுவிடும். மெதுவாக இழுக்கும்போதுதான் தடை விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு இழுப்பும் எப்படி இருந்தது, அப்போது புள்ளி எங்கே நின்றது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளவும். அதன்பின் போலித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, வெறும் சிலிண்டருடன் அதையே இன்னொரு முறை செய்யவும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .38 ரிவால்வரை வெறுமையாகச் சில முறை இயக்குவதால் கெடுதல் இல்லை; விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவைச் சுடும் .22 ரிம்ஃபயர் ரிவால்வர்களில் மட்டும் அவ்வாறு செய்யக் கூடாது, அவற்றில் அடிமுள் அறையின் விளிம்பிலேயே மோதிப் பள்ளம் போடும்.

அந்தக் காகிதம்தான் இனி வழிகாட்டி. இருமுறையும் எந்தத் தடையும் இல்லாமல் இருந்து, உண்மையான தோட்டாவுடன் மட்டும் இறுகுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் தோட்டாவினுடையது. புள்ளியை வைத்துப் பார்க்கையில் ஏதேனும் ஒரே அறை வரும்போது மட்டும், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு முறை கனத்தால், சிலிண்டரோடு சேர்ந்து சுழலும் பாகம் ஒன்றில் கோணலோ மேடோ இருக்கிறது. ஆறு இழுப்பும் ஒரே அளவில் கனத்தால், சுழலாத பாகத்தையோ, சுழன்றாலும் எல்லா நிலையிலும் ஒரே அளவில் உரசும் பாகத்தையோ சந்தேகிக்க வேண்டும்: சுழற்றும் கை, நிறுத்தும் பல், வில் ஆகியவை இருக்கும் உட்புறம் ஒன்று; நீளம் மாறிப் போய் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும் தண்டு இன்னொன்று. சுடாத வரை எல்லாம் சரி, சூடேறிய பின்பே தொல்லை என்றால், சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

தோட்டாவைச் சந்தேகிக்கும்போது பார்க்க வேண்டியது பிரைமரை, அதாவது தோட்டாவின் அடித்தட்டு நடுவே, அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை. தோட்டாவை மேசையில் நிறுத்தினால் ஆடாமல் நிற்க வேண்டும். பிரைமர் அடித்தட்டை விடத் துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தோட்டா ஆடும், அடித்தட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டினாலும் தட்டும். அந்த மேடு சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் சட்டச் சுவரில் (துப்பாக்கியின் உடற்சட்டத்தின் சுவர்) உரசித்தான் சிலிண்டரை நிறுத்துகிறது. வீட்டில் மறுநிரப்பு செய்த தோட்டாக்களில் இது அதிகம். அவற்றைத் தட்டி உள்ளே இறக்க முயலாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ஸ்டாரின் அடியில் ஒரு துகள்

இனி, மிக அதிகமாகக் காணப்படும் காரணம். பழைய ரிவால்வரின் சிலிண்டரைத் திறந்து, எஜெக்டர் தண்டை முழுவதும் அழுத்திப் பிடித்து, வெளியே எழும்பி நிற்கும் ஸ்டாரின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நான் முதன்முறை பார்த்தபோது அங்கே மஞ்சளும் கறுப்புமாக, கேழ்வரகில் கால்வாசி அளவில் தட்டையான நான்கைந்து துகள்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தாளில் உதிர்த்தபோது, அவை எரியாமல் தப்பிய வெடிமருந்துத் தகடுகள் என்று தெரிந்தது. ஒன்றை நகத்தால் அழுத்தினேன், அது நொறுங்காமல் வளைந்தது. அவ்வளவு சிறிய துகள் ஒன்று ஸ்டாரின் அடியில் சிக்கினால், ஸ்டார் தன் பள்ளத்தில் முழுமையாகப் படியாமல் மயிரிழை உயர்ந்து நிற்கும். அதன் மேல் அமர்ந்த தோட்டாக்களின் விளிம்புகளும் பின்னுக்கு வந்து சட்டச் சுவரில் அழுந்தும். சிலிண்டருக்குப் பின்னால் விடப்பட்டிருக்கும் இடைவெளி அவ்வளவு குறைவு. காலையில் கடையில் நன்றாக இருந்தது மாலையில் இறுகுவதன் ரகசியம் பல நேரம் இவ்வளவுதான்.

சுத்தம் செய்யும் முறை எளிது. பழைய பல் துலக்கும் பிரஷை எண்ணெய் எதுவும் இல்லாமல், உலர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு, தண்டை அழுத்திப் பிடித்தபடி ஸ்டாரின் அடிப்புறத்தையும் சிலிண்டரில் அது படியும் பள்ளத்தையும் தேய்க்க வேண்டும். மூலையில் ஒட்டியதைப் பல்குச்சியின் முனையால் சுரண்டலாம். ஊசியோ ஆணியோ வேண்டாம். துடைத்து முடித்ததும் அங்கே எண்ணெய் இடக் கூடாது என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். எண்ணெய்ப் பசை அடுத்த வெடிமருந்துத் துகளை அழைத்து உட்கார வைத்துக்கொள்ளும். எண்ணெய் வேண்டிய இடம், சிலிண்டர் சுழலும் கிரேன் குழாய். அதற்கும் ஒரு சொட்டு போதும்.

இது மீண்டும் வராமல் இருக்கக் கூடுகளை வெளியேற்றும் பழக்கத்தை மாற்ற வேண்டும். குழல் கீழ்நோக்கியோ கிடைமட்டமாகவோ இருக்கையில் தண்டைத் தள்ளினால், கூட்டிலிருந்து கொட்டும் எரியாத துகள்கள் நேரே ஸ்டாரின் அடியில் போய் விழும். குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் தண்டை ஒரே தட்டில் கீழே தள்ளினால், கூடுகளும் துகள்களும் சேர்ந்து தரையில் விழுந்துவிடும்.

கழன்று நீண்ட தண்டு

துடைத்த பிறகும் சிலிண்டர் திறப்பதற்கே முரண்டு பிடித்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது எஜெக்டர் தண்டு. இது ஏன் திறப்பதைத் தடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர் பூட்டப்படும் விதத்தை அறிய வேண்டும். சிலிண்டர் இரண்டு இடங்களில் பூட்டப்படுகிறது: பின்புறத்தில், தண்டின் நடுவே ஓடும் மெல்லிய மைய ஊசியின் பின்முனை சட்டச் சுவரில் உள்ள துளைக்குள் நுழைகிறது; முன்புறத்தில், குழலுக்கு அடியில் வில்லோடு இருக்கும் ஒரு சிறு தாழ், தண்டின் முன்முனைக் குழிக்குள் நுழைகிறது. கட்டைவிரலால் இடப்பக்கத் தாழ்ப்பாளை முன்னே தள்ளும்போது மைய ஊசி முன்னே நகர்ந்து, பின்புறத் துளையை விட்டு வெளியேறும் அதே நேரத்தில், தன் முன்முனையால் முன்புறத் தாழையும் தண்டை விட்டு வெளியே தள்ளுகிறது. எஜெக்டர் தண்டு மரையில் சற்றுக் கழன்றுவிட்டால், தண்டின் முனை முன்னே நீண்டுவிடும். மைய ஊசியோ பழைய நீளத்திலேயே இருக்கும். ஊசியால் அந்தத் தாழை முழுவதும் வெளியே தள்ள முடியாது, சிலிண்டர் திறக்காது. தண்டு தாழை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதால் சுழற்சியும் கனக்கும், அதுவும் ஆறு இழுப்பிலும் ஒரே மாதிரி.

தண்டைத் திறந்த நிலையில் சோதிப்பது எளிது: அதன் முன்முனையில் உள்ள சொரசொரப்பான தலையை விரல்களால் பிடித்து, சிலிண்டரை மற்றக் கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இரு திசையிலும் திருப்பிப் பார்க்கவும். விரல் பலத்துக்கே நகர்ந்தால் கழன்றிருக்கிறது என்று பொருள். எந்தத் திசையில் இறுக்குவது என்பதில்தான் கவனம் தேவை. பழைய ரிவால்வர்களில் தண்டுக்கு வழக்கமான வலது மரை இருந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சிலிண்டர், சுடுபவரின் பக்கமிருந்து பார்க்கையில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அந்தச் சுழற்சி வலது மரையைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும் பக்கமாகவே அமைந்துவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் நிறுவனம் இதை இடது மரையாக மாற்றியது. மிதிவண்டியின் இடப்பக்கப் பெடலுக்கு இடது மரை வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அதைக் கழற்றத் தெரியாமல் ஸ்பேனரைத் தவறான பக்கம் திருப்பி மரையைக் கெடுத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. குழல் முனைப் பக்கமிருந்து தண்டின் தலையைப் பார்த்தால், வலது மரை கடிகாரத் திசையில் இறுகும், இடது மரை எதிர்த்திசையில் இறுகும். கிரேனைத் திறந்தால் சட்டத்தில் தெரியும் மாடல் எண் ஓரளவு காலத்தைக் காட்டும், 1957-க்கு முந்தியவற்றில் அந்த எண் இருக்காது. எனினும் பாகங்கள் மாற்றப்பட்டிருக்கக்கூடிய பழைய துப்பாக்கியில் எண்ணை விட விரல்தான் நம்பத்தக்க சாட்சி: விரல்களால் மெதுவாகத் திருப்பும்போது எத்திசையில் தண்டு குட்டையாகிறதோ, அதுவே இறுக்கும் திசை.

முழுமையாக இறுக்கும் முன் ஆறு அறைகளிலும் சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளை இட வேண்டும். ஒவ்வொன்றின் பிரைமரிலும் அடிமுள்ளின் பள்ளம் இருப்பதைப் பார்த்த பிறகே இட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூடுகள் இல்லாமல் தண்டை முறுக்கினால், அந்த முறுக்கு முழுவதும் ஸ்டாரின் மெல்லிய கைகளிலும், பழைய மாதிரிகளில் ஸ்டாரை நிலைநிறுத்தும் இரண்டு நுண்ணிய பின்களிலும் இறங்கி அவற்றை வளைத்துவிடும். கூடுகள் இருந்தால் அவை ஸ்டாரைச் சுற்றி நின்று தாங்கும். பிறகு தண்டின் தலையில் ஒரு தோல் துண்டைச் சுற்றி, டிரில் இயந்திரத்தின் சக்கில் மிதமாகப் பிடிக்க வைத்து, சக் அசையாமல் இருக்க, சிலிண்டரைக் கையால் திருப்பி இறுக்கலாம். கட்டிங் பிளேயரால் நேரடியாகப் பிடித்தால் சொரசொரப்பு நசுங்கும், தண்டும் வளையும். கைப்பலம் போதும். அடிக்கடி கழலும் தண்டுக்கு, மரையில் நீல நிறப் பூட்டுப் பசை ஒரு சிறு துளி வைப்பவர்கள் உண்டு. சிவப்பு நிறப் பசை வேண்டாம், அடுத்து கழற்ற வேண்டியவர் சபிப்பார்.

மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டு, துப்பாக்கி காலிதான் என்பது ஐயமற உறுதியானால், தாழ்ப்பாளைத் தொடாமல், குழலுக்கு அடியில் தெரியும் தண்டின் தலையை விரல் நுனிகளால் பிடித்து, மேலே சொன்ன இறுக்கும் திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாலே பல நேரம் தாழ் விடுபட்டுத் திறந்துகொள்ளும். விரலுக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது.

வளைந்த தண்டும் வளைந்த கிரேனும்

ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் கனக்கும் ரிவால்வரில் முதல் சந்தேகம் வளைந்த தண்டின் மேல். சிலிண்டரைத் திறந்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, விரலால் மெல்லச் சுழற்றிவிட்டுத் தண்டின் முனையை மட்டும் உற்றுப் பார்க்கவும். முனை ஒரே புள்ளியில் நின்று சுழன்றால் தண்டு நேர். சிறு வட்டமிட்டுத் தள்ளாடினால் வளைந்திருக்கிறது. கீழே விழுந்ததாலோ, சிக்கிய கூடுகளை வெளியேற்றத் தண்டைச் சாய்வாக அடித்ததாலோ இது நேர்ந்திருக்கும். தண்டை நிமிர்த்துவது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினாலும், துளையுள்ள மெல்லிய தண்டை கோணலை முள்ளால் அளந்து காட்டும் டயல் கேஜ் இல்லாமல் நிமிர்த்துவது ஒரு வளைவை இரண்டாக்குவதில் முடியும். புதுத் தண்டு மாற்றுவதே சிக்கனம்.

கிரேன் வளைவது வேறு வகை. திரைப்படங்களில் நாயகன் ரிவால்வரை ஒரு சுண்டு சுண்டிச் சிலிண்டரைச் சாத்துவானே, அந்தப் பழக்கம் உள்ளவர் கையில் இருந்து வந்த துப்பாக்கியில் இதை எதிர்பார்க்கலாம். சிலிண்டரின் எடை முழுவதும் அந்த ஒற்றைக் கையின் மேல் மோதுவதால், அது நாளடைவில் ஒரு பக்கம் சாயும். மூடிய நிலையில் கிரேனும் சட்டமும் சேரும் கோடு நன்றாகப் படிந்து, தலைமுடி நுழையாத அளவில் இருக்க வேண்டும். அங்கே வெளிச்சம் தெரிந்தால், அல்லது கட்டைவிரலால் சிலிண்டரை அழுத்தினால் மட்டும் அந்தக் கோடு மூடினால், கிரேன் சாய்ந்திருக்கிறது. நிமிர்த்துவதற்கு அதற்கான அளவுகோல் தண்டு வேண்டும். துப்பாக்கித் தச்சரின் வேலை அது.

இடைவெளியை அளத்தல்

சூடேறிய பின்பே இறுகும் ரிவால்வருக்கு ஒரு ஃபீலர் கேஜ் வேண்டும், கார் பட்டறையில் ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்க வைத்திருப்பார்களே, அதே தகட்டுக் கொத்து. காலியான சிலிண்டரை மூடி, அதை விரலால் பின்னோக்கி அழுத்தியபடி, முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே எந்தத் தகடு இழுவையோடு நுழைகிறது என்று பார்க்கவும். பிறகு முன்னோக்கி அழுத்தியபடி அதையே செய்யவும். இந்த வகை ரிவால்வரில் 0.004 முதல் 0.010 அங்குலம் வரை, அதாவது 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை ஏற்கத்தக்க இடைவெளி, 0.006 அங்குலத்தைப் பலர் நல்ல அளவாகக் கொள்கிறார்கள். இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் சிலிண்டரின் முன்பின் ஆட்டம். அது 0.001 அல்லது 0.002 அங்குலமாக இருந்தால் கவலை இல்லை, 0.003-ஐத் தாண்டினால் கிரேன் குழாயின் முனை தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது சிலிண்டர் ஒவ்வொரு முறையும் முன்னே வந்து குழலின் முனையில் உரசும், பின்னே போய்ச் சட்டத்தில் மோதும். அதற்கென்றே விற்கப்படும் மெல்லிய எஃகு வளையங்களைச் சிலிண்டருக்குள், கிரேன் குழாயின் முனை மோதும் இடத்தில் இட்டு இந்த ஆட்டத்தைக் குறைக்கலாம், ஆனால் இட்ட பின் முன் இடைவெளி கூடும் என்பதால் இரு அளவுகளையும் முன்பே குறித்துவைத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அளப்பதற்கு முன் இரு முகங்களையும் சுத்தம் செய்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஈயத் தோட்டாக்களைச் சுட்ட ரிவால்வரில் குழலின் பின்முனையில் ஈயமும் கரியும் தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறிய கசடு போலப் படிந்திருக்கும், 0.004 அங்குல இடைவெளி உள்ள துப்பாக்கியில், அந்தப் படிவும் சூட்டில் விரியும் உலோகமும் சேர்ந்தால் இடைவெளியே இல்லாமல் போகும். பித்தளைப் பிரஷும் துப்பாக்கி துடைக்கும் கரைப்பானும் இதற்குப் போதும். உப்புத்தாளை அந்த முகத்தின் மேல் வைக்கவே கூடாது. தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது.

தகட்டுக்கு உள்ளே இருப்பவை

ஆறு இழுப்பும் கனத்து, தண்டும் சரியாக இருந்தால், பிழை உட்புறத்தில். அங்கும் திறக்காமல் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. காலியான ரிவால்வரில் சிலிண்டரின் மேல் கட்டைவிரலை மிக லேசாகத் தடையாக வைத்து, சுத்தியலை மெதுவாகப் பின்னால் இழுக்கவும். சுத்தியல் முழுவதும் பின்னே சென்று நிற்பதற்கு முன்பே, நிறுத்தும் பல் சிலிண்டரின் பள்ளத்தில் ‘டிக்’ என்று விழுந்து பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யவும். சுத்தியல் நின்ற பின்னும் ஏதாவது ஓர் அறையில் பூட்டு விழாமல் இருந்தால், சிலிண்டரைத் தள்ளும் கையோ ஸ்டாரின் பல்லோ தேய்ந்திருக்கிறது. அந்நிலையில் அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாதபோதே சுடும் வாய்ப்பு இருப்பதால், ஈயச் சிதறல் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். இந்தக் குறை உள்ள ரிவால்வரைத் தச்சர் பார்க்கும் வரை சுடவே கூடாது.

சுத்தியல் பின்னே நிற்கையில் அதைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்திப் பார்ப்பதும் அவசியம். விசையைத் தொடாமல் அது விழுந்துவிட்டால், முந்தைய உரிமையாளர் யாரோ விசையை மென்மையாக்குகிறேன் என்று உள்ளே அரத்தை வைத்துவிட்டார். அதே ஆசாமி தொட்டிருக்கக்கூடிய இன்னோர் இடம், கைப்பிடியின் முன்பக்கத்தில் கீழே இருக்கும் ஒரு சிறு திருகு. அது முதன்மை வில்லை அழுத்தி வைப்பது. அதை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் விசை இலேசாகும், கூடவே சுத்தியலின் அடியும் பலம் குன்றி, தோட்டா வெடிக்காமல் பிரைமரில் மேலோட்டமான பள்ளம் மட்டும் விழும். இத்திருகு முழுவதும் இறுகியிருப்பதே முறை. இறுகிய பின்னும் அடி பலவீனமாக இருந்தால், திருகின் முனை அறுக்கப்பட்டிருக்கலாம்; புதியது சில டாலர்களுக்குக் கிடைக்கும்.

பக்கத் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டியவர்கள் மூன்று விஷயங்களைக் கடைப்பிடித்தால் சேதம் குறையும். திருப்புளியின் முனை திருகின் பிளவில் ஆடாமல் பொருந்துவதாக, பக்கங்கள் ஆப்பு போல் சரியாமல் நேராக இருப்பதாக வேண்டும். சாதாரணத் திருப்புளி பிளவைச் சிதைத்துவிடும். கழற்றிய திருகுகளை இடம் குறித்து வைக்க வேண்டும், ஏனெனில் முன்புறத்தில் இருப்பது கிரேனைத் தாங்குவதற்கென்றே பொருத்தப்பட்டது, மற்றதோடு மாறக் கூடாது. தகட்டை நெம்பியே எடுக்கக் கூடாது: கைப்பிடிச் சட்டத்தைத் திருப்புளியின் மரக்கைப்பிடியால் பலமுறை மெல்லத் தட்டினால், அதிர்விலேயே தகடு தானாக மேலெழும். கடைகளில் வரும் பழைய ரிவால்வர்களின் தகட்டு விளிம்பில் காணும் கத்திக் காயங்கள், இதை அறியாதவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து. உள்ளே பழைய எண்ணெய் அரக்காக இறுகியிருந்தால் கரைப்பானால் கழுவி, உலர்த்தி, உரசும் இடங்களில் மட்டும் ஊசி முனை அளவு எண்ணெய் இட்டு மூடிவிடலாம். பாதிக் கனம் அதிலேயே போய்விடும். வில்களையும் பற்களையும் தொடாமல் இருப்பதே நல்லது.

எல்லாம் சரிசெய்ததாகத் தோன்றிய பின், சுடுகளத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டுப் பார்த்து, பிறகு ஆறு, பிறகு 12 என்று ஏற்றவும். ஒவ்வொரு ஆறுக்குப் பின்னும் குழலை நிமிர்த்திக் கூடுகளை வெளியேற்றியதும், தண்டின் தலையை விரலால் ஒரு முறை திருகிப் பார்க்கவும். 50 தோட்டாக்கள் வரை சிலிண்டர் ஒரே சீராகச் சுழன்று, தண்டும் அசையாமல் இருந்தால், வீட்டுக்கு வந்து முன்பு எழுதிய காகிதத்தின் பின்புறத்தில் அன்றைய தேதியையும், குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜ் காட்டும் இரண்டு அளவுகளையும் எழுதித் துப்பாக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைக்கவும். அடுத்த முறை விசை கனக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டு எண்களும் வேண்டியிருக்கும்.